முந்திப் பிறந்த மன்னனும் மூளைவாத ஆராய்ச்சியும்

நாடகத்தை நாடகமாகப் படிப்போர் உண்டு. வரலாறாகப் படிப்போரும் உண்டு. நோயாளியின் குறிப்பேடாகப் படித்தவர் ஒருவர் இருந்தார். 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இலண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்தில் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில் ஒரு கட்டுரை படித்தார். குறைமாதப் பிறப்பு, கடினமான பேறு, பிறந்த குழந்தைக்கு மூச்சு வராது தடைப்படுதல் ஆகியவை பின்னாளில் அக்குழந்தையின் உடலையும் அறிவையும் எவ்வாறு தாக்குகின்றன என்பதே அதன் பொருள். அத்தகைய குழந்தைகளுட் சிலர் கால்கள் விறைத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று உராய, நுனிக்காலால் நடப்பதை அவர் இருபது ஆண்டுகளாகக் கண்டுவந்தவர். பிறப்பின் இடருக்கும் பிற்கால ஊனத்துக்கும் உள்ள இத்தொடர்பைத் தமக்கு முந்திய மருத்துவ நூல்களில் அவர் காணவில்லை. ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் கண்டார். உரிய காலத்துக்கு முன்னரே குறையுடலோடு பிறந்தவன் தான் என்று அந்நாடகத்தின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கூறிக்கொள்ளும் இடத்தை மருத்துவர்கள் முன் எடுத்துவைத்தார்.

மருத்துவ வரலாறு எழுதுவோர் இதனை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுவர். அவ்வாறு கடந்துவிடுவது பொருந்தாது. லிட்டில் அந்நாடகத்தைப் படித்த முறைதான், அவருக்குப் பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மருத்துவர் இக்குழந்தைகளைப் படித்த முறையும் ஆகும். கண்முன் நிற்கும் ஊனத்திலிருந்து புறப்பட்டு, பின்னோக்கி நடந்து, பிறப்பறையின் வாயிலில் நின்று, "இதோ காரணம்" என்று சொல்லும் முறை அது. அம்முறை எங்கே உண்மையைக் காட்டிற்று, எங்கே பிழைத்தது என்பதை ஆராய்தல் தகும்.

முதலில் லிட்டிலுக்குரிய பெருமையைக் குறைவின்றிக் கூறிவிடவேண்டும். அவரே சிறு வயதில் நோயுற்றுக் கால் வளைந்தவர். செருமனி நாட்டு ஹானோவர் நகரில் ஸ்ட்ரோமையர் என்னும் அறுவை மருத்துவர் 1836ஆம் ஆண்டில் அவர் காலின் தசைநாணை அறுத்து நிமிர்த்தினார். அக்கலையைக் கற்றுத் தாயகம் திரும்பிய லிட்டில், இலண்டனில் ஊனமுற்றோர்க்கென மருத்துவமனை ஒன்று எழக் காரணமானார். வளைந்த காலோடு வளர்ந்தவர் ஒருவர் வளைந்த உடலுடைய அரசனின் நாடகத்தைக் கையிலெடுத்தது தற்செயல் அன்று போலும். மேலும், அவர் தம் கொள்கையை அளவோடுதான் சொன்னார். பிறக்கும்போது உயிரற்றதுபோல் கிடந்து பின் மூச்சுப் பெறும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் யாதொரு குறையுமின்றித் தேறிவிடுகின்றனர் என்று அக்கட்டுரையிலேயே எழுதியுள்ளார். பின்வந்தோர் அவ்வரியை மறந்தனர்; 'லிட்டில் நோய்' என்னும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டனர்.

இனி, அவர் காட்டிய சான்றைச் சற்றே உரசிப் பார்க்கலாம்.

ரிச்சர்ட் காலத்துக்கு முந்திப் பிறந்தான் என்று நாடகம் சொல்கிறது. ஆனால் அம்மன்னன் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதிய ஜான் ரவுஸ் என்னும் வரலாற்றாசிரியர், அவன் தாய் வயிற்றில் இரண்டாண்டுகள் கிடந்து, பல்லோடும் தோள்வரை தொங்கும் முடியோடும் பிறந்தான் என்கிறார்! இதே ரவுஸ், ரிச்சர்ட் அரியணையில் இருந்தபோது அவனைப் புகழ்ந்து எழுதியவர். 1485இல் பாஸ்வொர்த் களத்தில் மன்னன் மடிந்து, பகைவன் முடிசூடிய பின்னரே அவருக்கு அந்தப் பல்லும் முடியும் தோன்றின. அவருக்குப் பின் தாமஸ் மோர் வந்தார். மன்னன் கால் முந்தப் பிறந்தான் என்ற செய்தியைச் சேர்த்தார். ஷேக்ஸ்பியரோ இரண்டாண்டுச் சூலைக் குறைமாதச் சூலாக மாற்றினார். ஒருவனுடைய பிறப்பு ஒரே சமயத்தில் மிகப் பிந்தியும் மிக முந்தியும் நிகழ்ந்திருக்க இயலாது. கொடியவன் என்ற முடிவு முதலில் எழுதப்பட்டது. அதற்கேற்ற பிறப்பு பிறகு எழுதப்பட்டது. உடலின் வளைவை உள்ளத்தின் வளைவுக்குச் சான்றாக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று; கம்பரின் கூனியை வகுப்பில் கற்பிக்கும் தமிழாசிரியர் அதனை நன்கறிவர்.

எலும்புகள் பின்னர்ப் பேசின. 2012ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில், வண்டிகள் நிறுத்தும் இடமொன்றின் கீழே ரிச்சர்டின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. ஆனால் அவ்வளைவு பிறவியில் வந்ததன்று. பத்து வயதைக் கடந்து வளரும் பருவத்தில் தோன்றிய வகையைச் சேர்ந்தது என ஆய்ந்தோர் 2014இல் வெளியிட்டனர். நாடகம் கூறும் சூம்பிய கைக்கும் எலும்பில் சான்று இல்லை. ஆகவே லிட்டில் நாடகத்திலிருந்து எடுத்த அந்த ஒரு நோயாளி, அந்நோயின் நோயாளியே அல்லன்.

எனினும் இதில் ஒரு விந்தை உண்டு. சான்று பொய்த்தது, கொள்கை முழுவதும் பொய்க்கவில்லை. குறைமாதக் குழந்தைகட்கு மூளைவாதம் மிகுதியாக வருகிறது என்பது இன்றும் நிலைத்து நிற்கும் உண்மை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008இல் வெளியான கணக்கின்படி, 22 முதல் 27 வாரங்களில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 14.6 பேரும், 28 முதல் 31 வாரங்களில் பிறந்தோரில் 6.2 பேரும், 32 முதல் 36 வாரங்களில் பிறந்தோரில் 0.7 பேரும் மூளைவாதம் உடையோர். நிறைமாதத்தில் பிறந்தோரிடையே இஃது ஆயிரத்துக்கு ஒருவர் அளவே. இவ்வெண்களை இரு வகையாகவும் படிக்கலாம். இரண்டாம் வகையாகப் படிப்போர் அரியர். 27 வாரத்துக்குள் பிறந்து பிழைத்த நூறு குழந்தைகளில் எண்பத்தைந்து பேர் மூளைவாதம் இல்லாதவர்கள் என்பதும் அதே எண் கூறும் செய்தியன்றோ? இன்னொன்று: நிறைமாதக் குழந்தைகள் எண்ணிக்கையில் மிக அதிகமாதலின், மூளைவாதமுள்ள குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் நிறைமாதத்தில் பிறந்தவர்களே. ஊனத்திலிருந்து பின்னோக்கிச் செல்வோர்க்கு இவ்விரண்டும் தென்படா.

லிட்டிலின் கொள்கையை முதன்முதல் ஆழ்ந்து மறுத்தவர், பிற்காலத்தில் கனவுகளின் ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட் என்பது பலர் அறியாதது. வியன்னாவில் நரம்பு மருத்துவராக இருந்த காலத்தில் அவர் குழந்தைகளின் மூளைவாதம் பற்றிப் பெருநூல்கள் எழுதினார். அவற்றுள் முடிவானது 1897இல் வெளிவந்தது. கடினமான பேறுற்ற குழந்தைகள் பலர் நலமாக இருக்கின்றனர். எளிதாகப் பிறந்த சிலர் வாதமுறுகின்றனர். அங்ஙனமாயின் கடினமான பேறு காரணமாகத்தான் இருக்கவேண்டுமா? கருவிலேயே தோன்றிய குறையின் ஓர் அறிகுறியாக இருத்தல் ஆகாதா? கருவிலேயே நலங்கெட்ட குழந்தைதான் பிறக்கும்போதும் இடர்ப்பட்டதோ? ஃபிராய்ட் எழுப்பிய இவ்வினாவுக்கு விடை காணும் கருவி அன்று அவரிடமும் இல்லை, பிறரிடமும் இல்லை. கருவி என்பது ஈண்டு நுண்ணோக்கியன்று, கணக்கு. ஊனமுற்ற குழந்தைகளை மட்டும் எண்ணாமல், பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் பிறப்பதற்கு முன்னிருந்தே எண்ணத் தொடங்கும் கணக்கு.

அக்கணக்கு அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை எடுக்கப்பட்டது. பன்னிரண்டு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 54,000 கருவுற்ற தாயரைப் பதிவு செய்து, பிறந்த குழந்தைகளை ஏழு வயது வரை தொடர்ந்து கவனித்தனர். அக்குறிப்புகளை ஆராய்ந்து கேரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பர்க் ஆகிய இருவரும் 1986இல் எழுதிய கட்டுரை இத்துறையின் போக்கையே திருப்பியது. மூளைவாதம் உற்ற குழந்தைகள் 189 பேர். அவர்களுள் பிறப்பின்போது மூச்சுத் தடைப்பட்டதற்குரிய அறிகுறி ஒன்றேனும் இருந்தவர் நூற்றுக்கு 21 பேரே. அவர்களிலும் பலருக்கு வேறு காரணங்கள் உடனிருந்தன. மற்றொரு முடிவு இன்னும் கூர்மையானது: வயிற்றில் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தது மூளைவாதத்தோடு தொடர்புற்றிருந்தது, ஆனால் அந்நிலையிலேயே பிறவி வாயில் வழியாகப் பிறந்தது தொடர்புறவில்லை. அஃதாவது, பிறந்த முறை குழந்தையைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே குறையுற்ற குழந்தை திரும்ப இயலாது கிடந்தது என்று கருத இடமாயிற்று. ஃபிராய்டின் வினாவுக்கு எண்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த விடை எனலாம்.

இது வெறும் அறிஞர் வழக்கன்று. "பிறந்தவுடன் குழந்தை அழவில்லை" என்ற ஒரு சொற்றொடர் தமிழ்க் குடும்பங்களில் எத்துணைத் துயரைச் சுமந்து நிற்கிறது! அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு மருத்துவச்சி குற்றவாளி ஆகிறாள். சில வீடுகளில் தாயே குற்றவாளி ஆகிறாள். வலி எடுத்தபோது ஏன் உடனே சொல்லவில்லை, ஏன் மாடிப்படி ஏறினாய் என்று பத்தாண்டு கழித்தும் கேட்கப்படும் தாய்மார் உளர். மேலைநாடுகளிலோ அக்குற்றச்சாட்டு நீதிமன்றம் சென்றது. பேற்றின்போது சிசுவின் இதயத் துடிப்பை இடைவிடாது பதியும் மின்கருவி 1970களில் பரவியது. அதனால் வயிற்றை அறுத்து எடுக்கும் பேறுகள் பெருகின, மூளைவாதம் குறையவில்லை. மூச்சுத் தடையால் மூளை கெடுவதே இல்லை என்று இதனாற் கொள்ளற்க. அது கெடுக்கும் குழந்தைகள் உண்டு. எல்லாரையும் அந்த ஒரு பட்டியலில் அடைத்ததே பிழை.

குறைமாதக் குழந்தைக்கு வருவோம். அங்கே மூளைக்கு நேர்வது என்ன? 1962இல் பாங்கர், லரோஷ் என்னும் இரு பெண் மருத்துவ அறிஞர்கள் இறந்த சிசுக்களின் மூளையை ஆராய்ந்து, மூளையின் நடுவேயுள்ள நீரறைகளை ஒட்டிய வெண்பகுதி நைந்துபோயிருப்பதை விளக்கினர். கருவின் 24 முதல் 32 வாரங்கள் வரை அப்பகுதியில் நரம்பிழைகளுக்கு உறை நெய்யும் அணுக்கள் மிக இளமையாக உள்ளன. குருதியோட்டம் தளர்ந்தாலோ, தாயிடமிருந்து தொற்று பரவி அழற்சி உண்டானாலோ அவை முதலில் மடிகின்றன. மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் நரம்பிழைகள் நீரறைக்கு மிக அண்மையில் செல்வன. கைக்குரியவை சற்று எட்டிச் செல்வன. ஆகவே காயம் சிறிதாயின் கால்கள் மட்டும் விறைக்கின்றன. பெரிதாயின் கையும் சேர்கிறது. லிட்டில் கண்ட நுனிக்கால் நடை, ஒன்றோடொன்று உராயும் முழங்கால்கள் எல்லாவற்றுக்கும் நூறாண்டுக்குப் பின் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் கண் பிழைக்கவில்லை. கண்டதைக் காரணத்தோடு கோத்த நூல்தான் பிழைத்தது.

ஆயினும் இறந்த மூளையை ஆராய்வதும் பின்னோக்கிய பார்வையே. உயிரோடு தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து வருவதை அறிய இயலுமா? ஆஸ்திரியரான ஹைன்ஸ் பிரெக்டல் நெதர்லாந்து நாட்டு குரோனிங்கன் நகரில் இருந்துகொண்டு இதற்கு விடை தேடினார். அவர் குழந்தையைத் தட்டவில்லை, தூக்கவில்லை, கால்களை மடக்கி நீட்டிச் சோதிக்கவில்லை. மல்லாந்து விழித்துக் கிடக்கும் குழந்தையைப் படம் எடுத்து, அது தானாகவே செய்யும் அசைவுகளைப் பார்த்தார். நிறைமாத நாளிலிருந்து கணக்கிட மூன்று முதல் ஐந்து மாதப் பருவத்தில், நலமுள்ள குழந்தையின் கழுத்து, உடல், கை, கால் எங்கும் சிறு சிறு சுழல் அசைவுகள் எல்லாத் திசைகளிலும் இடைவிடாது எழுகின்றன. துறுதுறுவென்று இருக்கிறது என்று பாட்டிமார் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். 1997இல் அவரும் தோழரும் வெளியிட்ட ஆய்வில் 130 குழந்தைகள் இடம்பெற்றனர். அவ்வசைவு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் இரண்டு வயதில் நலமாக இருந்தனர். அஃது இல்லாத, அல்லது இயல்பு திரிந்த 60 பேரில் 57 பேர் குறையுற்றனர்; அவருள் 49 பேருக்கு மூளைவாதம்.

இவ்வெண்களைக் கண்டு மயங்கிவிடலாகாது. அக்குழந்தைகள் தெருவில் கண்டபடி எடுக்கப்பட்டவர்கள் அல்லர். மூளைக் காயம் உள்ளவரும் இல்லாதவரும் இடம்பெறுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சாதாரணக் குழந்தைகளிடையே அதே துல்லியத்தை எதிர்பார்த்தல் தவறு. படத்தைப் பார்ப்பவர்க்குப் பயிற்சியும் வேண்டும். இக்குறைகளை எடுத்துச் சொல்லிய பின்னும், இவ்வாய்வின் சிறப்பு எஞ்சி நிற்கிறது: முதலில் அசைவைக் குறித்துவைத்தனர், பின்னரே முடிவுக்காகக் காத்திருந்தனர். முடிவு தெரிந்த பின் அறிகுறியைத் தேடவில்லை. ஒன்றரை வயது, இரண்டு வயது ஆகட்டும் என்று தாய்மாரைக் காத்திருக்கச் சொல்லும் பழைய வழக்கம் இதனாலேயே தளர்ந்தது. திருத்திய வயது ஆறு மாதத்துக்குள்ளேயே நோயை உறுதிசெய்ய இயலும் என 2017இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று எழுதியது. திருத்திய வயது என்பதற்கு ஒரு சொல். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்தியது. பிறந்து ஒன்பது மாதமானாலும் அதனை ஆறு மாதக் குழந்தையாகவே கொண்டு, குப்புற விழுந்ததா, உட்கார முயல்கிறதா எனப் பார்க்கவேண்டும். இச்சிறு கழித்தல் கணக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு ஏங்குவோர் பலர்.

மருந்துகளின் வரலாற்றிலும் இதே பாடம் காணப்படுகிறது. கருவுற்ற தாயர்க்கு வலிப்பு வராது தடுக்கத் தரப்படும் மக்னீசியம் சல்பேட்டு என்னும் உப்பு, மிகச் சிறிய குழந்தைகளை மூளைவாதத்திலிருந்து காக்கிறதோ என்ற ஐயம் 1995இல் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது எழுந்தது. ஐயத்தை முடிவாக்காமல் சோதனைக்கு விட்டனர். அமெரிக்காவில் 2,241 தாயரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2008இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோரின் குழந்தைகளில் நடுத்தரமான அல்லது கடுமையான மூளைவாதம் நூற்றுக்கு 1.9, பெறாதோரில் 3.5. இறப்பையும் வாதத்தையும் கூட்டிப் பார்த்தபோதோ இரு சாராரிடையே வேறுபாடு தோன்றவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை; முன்னதை மட்டும் சொல்வோர் மிகுதி. நுரையீரல் தேற உதவுகிறதென்று பிறந்த சின்னாட்களில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட டெக்சாமெத்தசோன், குழந்தைகள் வளர்ந்தபின் மூளைவாதத்தை மிகுவித்தது தெரியவர, 2002இல் அதனை வழக்கமாகக் கொடுத்தலாகாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது.

உடற்பயிற்சி முறைகளும் சோதனைக்கு விலக்கல்ல. இலண்டனில் கார்ல் போபாத், பெர்ட்டா போபாத் என்னும் தம்பதியர் வகுத்த முறை உலகெங்கும் பரவிப் புகழ்பெற்றது. 1988இல் கால் விறைத்த 48 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அம்முறையை ஒட்டிய பயிற்சியையும், மற்றதற்கு முதல் ஆறு மாதம் விளையாட்டும் பேச்சும் கலந்த பொதுவான ஊக்கத்தையும் தந்து பார்த்தனர். ஓராண்டு முடிவில் விளையாடிய பிரிவே நடையில் முந்தியிருந்தது. 48 பேர் என்பது சிறு தொகையே. ஆயினும், கையால் பிடித்து அசைவித்தலினும் குழந்தை தானே முயன்று அசைதல் மேல் என்று பிற்கால ஆய்வாளர் சென்ற திசைக்கு அது வழிகாட்டியது.

மீண்டும் நாடகத்துக்கு. லிட்டில் முதற் காட்சியோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் அங்கத்தின் நான்காம் காட்சி வரை படித்திருப்பாராயின் தம் சான்றை அத்துணை எளிதில் நம்பியிரார். ரிச்சர்டின் தாய் அங்கே பேசுகிறாள். அவன் வளர்ச்சியில் மிகவும் மந்தமாக இருந்தான் என்கிறாள். முந்திப் பிறந்தான் என்று சொல்லவில்லை. அவன் பிறப்பையும் பிள்ளைப் பருவத்தையும் நான்காம் அங்கத்தில் சினந்து எண்ணிக் காட்டும்போதும் அவள் அதைச் சொல்வதில்லை. ரிச்சர்ட் குறைமாதப் பிள்ளை என்பதற்கு நாடகத்தினுள் பெற்றவள் வாய்ச்சொல் இல்லை; அவன் வாய்ச்சொல்லே உண்டு. அந்த இரண்டாம் அங்கக் காட்சியிலேயே அவள் பேரனாகிய சிறுவன் யார்க் ஒரு கதை சொல்கிறான். சிற்றப்பன் பிறந்து இரண்டு நாழிகைக்குள் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தானாம்! இதை உனக்குச் சொன்னவர் யார் என்று பாட்டி கேட்கிறாள். சிற்றப்பனை வளர்த்த செவிலி என்கிறான் பேரன். அவள் நீ பிறப்பதற்கு முன்னரே இறந்துவிட்டாளே என்கிறாள் பாட்டி. அவள் இல்லையென்றால் வேறு யார் சொன்னார் என்று தனக்குத் தெரியவில்லை என்கிறான் சிறுவன்.